மூத்தவளின் வயது

சர்ர்ர் என்று கடதாசி இழுபடுகிற சத்தம்.

டொக்டரின் அறையில், நோயாளி படுக்கிற கட்டிலின் தலைமாட்டில் ஒரு கடதாசி உருளை இருக்கும். முன்னர் படுத்தவரின் தாளைக் கிழித்து எறிந்துவிட்டு அடுத்தவருக்குப் புதிதாக இழுத்து விரிப்பார்கள். போன கிழமை எனக்காக ஓர் இளம்பெண் இழுத்தாள். ஐம்பதைத் தொடப்போகிற உடம்புக்கு வருசத்தில் ஒருநாள் நடக்கிற சாதாரணச் சோதனை. ஏறிப் படுங்கள் என்றாள். நான் ஏறவில்லை. கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி கதவைப் பார்த்து நின்றேன். பைக்குள் பிள்ளையின் பத்திரங்கள் இருக்கின்றனவா என்று விரல்கள் தாமாகத் தடவின. பிள்ளை வளர்ந்து வேறு நகரத்தில் வேலை பார்க்கிறாள். பத்திரங்களும் அவளிடம்தான். என் விரல்களுக்கு அது தெரியாது. அவை இன்னும் ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில், தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மாசி மாதத்துக் காலையில் நடுங்கிக்கொண்டிருக்கின்றன.

"குளிருதா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

குளிர்தான் என்றேன். எத்தனையோ வருடமாக எல்லாவற்றுக்கும் அதையே சொல்லிப் பழகிவிட்டேன்.

அந்த மாசியில் என் பிள்ளைக்கு நாலு வயதும் பத்து மாதமும். பத்திரத்தில் ஆறு வயதும் ஒரு மாதமும்.

இது எப்படி நடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் நழுவிப் போய்விடுவேன், என் குணம் அது.

எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவளுக்கு எட்டு மாதமாக இருந்தபோது அவளுடைய அப்பா வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டார். சின்னவள் அப்போதே என் வயிற்றில்; எனக்கே அது நிச்சயமில்லை. அவர் போய் இரண்டாவது மாதம் மூத்தவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஊரில் சண்டை, ஆசுப்பத்திரிக்குப் போகிற பாதை பூட்டு. மூன்றாம் நாள் போய்விட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்கப் பழகியிருந்தாள். எழும்பி நின்றதும் தானே ஆச்சரியப்பட்டு எங்களைப் பார்ப்பாள். அந்தப் பார்வையோடு அவளுடைய வளர்ச்சி நின்றுவிட்டது.

அதே கிழமைகளில் ஜெர்மனியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் என் கணவரை இருத்தி விசாரித்திருக்கிறார்கள். பிள்ளைகள் உண்டா? ஒன்று, பெண். பிறந்த திகதி? சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. என் கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர இன்னும் நாலு மாதம் இருந்தது.

சின்னவள் பிறந்தபோது நாங்கள் மூன்றாவது தடவை இடம்பெயர்ந்திருந்தோம். பிறப்பைப் பதிய எந்தக் கந்தோரும் திறந்திருக்கவில்லை. அவளுக்கு இரண்டு வயது கடந்து அவளைத் தூக்கிக்கொண்டு நானும் புறப்பட்டபோது என் கையில் இருந்தது மூத்தவளின் பிறப்புப் பத்திரம் ஒன்றுதான். "உங்கடை அவரின்ரை ஃபைலில ஒரு பிள்ளைதான் கிடக்கு," என்றான் எங்களை அனுப்பிய ஏஜென்சிக்காரன். "இதை அந்தப் பிள்ளையாவே கொண்டு போங்கோ அக்கா. ரெண்டாவது எண்டு வாய் திறந்தியளோ, ஆரின்ரை பிள்ளை இது எண்டு கேப்பாங்கள்."

கொண்டு வந்தேன். பத்திரத்தில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. பிள்ளைதான் வேறு.

அகதி முகாமின் வாசலில் என் கணவர் அவளைத் தூக்கி, மூத்தவளின் பெயரைச் சொல்லி ஒருதரம் கூப்பிட்டார். அவள் யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தாள். "குஞ்சு எண்டு கூப்பிடுங்கோ," என்றேன். அன்றிலிருந்து வீட்டில் குஞ்சு. வெளியில், பத்திரத்தில், தபால்பெட்டியில் அக்காவின் பெயர். மூத்தவளைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை. ஒரு சொல்லும் இல்லை. சோறு, வாடகை, வேலை, குளிர்ச்சட்டை, எல்லாம் பேசினோம்.

மேல்மாடியில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா படியில் கண்டால் விடமாட்டா. "இது மூண்டரை வயசுப் பிள்ளையோ? என்ன, சோறு கறி கண்ணிலயும் காட்டுறேல்லையோ? என்ரை பெடியன் இந்த வயசில என்னைத் தூக்கினவன்!" சிரிப்பா. நானும் சிரிப்பேன். வீட்டுக்குள் வந்து கதவைப் பூட்டிய பிறகும் அந்தச் சிரிப்பு என் முகத்தில் கிடந்து வலிக்கும்.

ஒவ்வொரு தை மாதமும் கின்டர்கார்டனில் அவளுக்கு மஞ்சள் மட்டையில் கிரீடம்போல முடி செய்து வைத்து, மெழுகுதிரி கொளுத்திப் பாட்டுப் பாடுவார்கள். அது மூத்தவள் பிறந்த நாள். மூத்தவளுக்கான மெழுகுதிரிகளைச் சின்னவள் கன்னத்தை உப்பி ஊதுவாள். பிள்ளைகள் கைதட்டும். முடி பெரிதாக இருந்து கண்ணுக்கு மேல் சரியும். நான் பின்சுவரோடு சாய்ந்து நிற்பேன். என்னவோ நடந்துவிடும் என்று பயம். என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மற்றவளின் வருடங்களை இவள் ஊதி ஊதி அணைக்கிறாள், ஒருநாள் யாராவது வந்து திருப்பிக் கேட்பார்கள் என்கிற மாதிரி ஒன்று.

சித்திரையில் ஒருநாள் நான் ரவைக் கேசரி கிண்டுவேன். "இண்டைக்கு ஏன் அம்மா கேசரி?" என்பாள் குஞ்சு. "சும்மாதான்." அவர் இரண்டு தட்டு சாப்பிடுவார். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கு அது என்ன நாள் என்று தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற கடிதம் வந்தது. ஆறு வயதான பிள்ளைகள் எல்லாரும் போகவேண்டிய வைத்தியச் சோதனைக்கு டெர்மின், அதாவது நாளும் நேரமும், போட்டிருந்தார்கள். என் ஜெர்மன் அப்போது கடைக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் போதும். அவருக்கு அன்று வேலை. அதனால் எங்களுக்குத் தெரிந்த ஓர் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனேன். பகலில் உணவகமொன்றில் கோப்பை கழுவுவார். ஓய்வு நாட்களில் எங்கள் சனத்தோடு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி மொழிபெயர்ப்பார்.

காத்திருக்கிற அறையில் ஒரு பெரிய படம் தொங்கியது. ஏறி இறங்குகிற படிக்கட்டு. முதல் படியில் தொட்டில், அடுத்ததில் பந்தோடு ஒரு பிள்ளை, பிறகு காதலர்கள், கையில் குழந்தையோடு ஒருத்தி, உச்சிப்படியில் வயிறு வைத்த ஐம்பது வயதுத் தம்பதி. அங்கிருந்து இறக்கம்: கண்ணாடி, பொல்லு, கூன், கடைசிப் படியில் கதிரையில் போர்வையோடு ஒரு கிழவர்.

"நான் எந்தப் படியில நிக்கிறன் தங்கச்சி?" என்றார் அண்ணை. "கோப்பை கழுவுற படி இதில இல்லைப்போல கிடக்கு."

குஞ்சு சிரித்தாள். நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் ஒரு படியில் நிற்க, கால் வேறொரு படியில் இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறதே. மூத்தவள் முதல் படியில் சுவரைப் பிடித்தபடி. எனக்கு அப்போது இருபத்தைந்து. கையில் குழந்தையோடு நிற்பவளின் படிதான் எனக்கு. ஆனால் அவளுடைய மற்றக் கை வெறுமனே தொங்கியது. அந்தக் கையில் என்ன என்று யாரும் கேட்கமாட்டார்கள் போலும்.

உள்ளே சர்ர்ர் என்று கடதாசி இழுபட்டது. எங்களைக் கூப்பிட்டார்கள்.

டொக்டர் நரைத்த கட்டைமயிரும் கழுத்தில் தொங்குகிற கண்ணாடியுமாக ஓர் அம்மா. நல்ல மனுசி. நிறுத்தாள், அளந்தாள், காதையும் கண்ணையும் சோதித்தாள். பிறகு ஒற்றைக்காலில் துள்ளச் சொன்னாள். குஞ்சு நாலு தரம் துள்ளி விழுந்தாள். விழுந்ததும் கைதட்டினாள், அவள் அதைக் கெட்டித்தனம் என்று நினைத்தாள். சதுரத்தைப் பார்த்துத் தாளில் கீறினாள். சரிந்து நிற்கிற சதுரத்தைக் கீறச் சொன்னபோது அதன் மூலைகள் முயல்காதுகள் மாதிரி நீண்டன. எண்ணச் சொன்னபோது ஏழுக்குப் பிறகு பதினொன்றுக்குப் பாய்ந்தாள். கடைசியாக டொக்டர் ஒரு மனிசரைக் கீறச் சொன்னாள்.

குஞ்சு நாக்கை வெளியில் விட்டுக்கொண்டு கீறினாள். பெரிய வட்டத் தலை, இரண்டு கண், சிரிப்பு. தலையிலிருந்தே நேராக இரண்டு கால். உடம்பு இல்லை. கைகள் காதிருக்கிற இடத்தில்.

டொக்டர் அந்தத் தாளைக் கையில் எடுத்தாள். முன்னால் இருந்த ஃபைலில் திகதியைப் பார்த்தாள். திரும்பத் தாளைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். அவளுடைய குரல் இரக்கத்தில் இறங்கியது.

"தங்கச்சி, பதறாதேங்கோ," என்றார் அண்ணை மெல்ல. "பிள்ளை ஒரு வருசத்துக்கு மேல பிந்தி நிக்கிறாவாம். ஒண்டு, ஒண்டேகால் வருசமாம். நாலு, நாலரை வயசுப் பிள்ளை கீறுற படமாம் இது."

எவ்வளவு சரியாக அளந்துவிட்டாள். அந்தக் கணத்தில் அவள் காலைத் தொட்டு, அம்மா, நீங்கள் சொன்னது முழுக்கச் சரி என்று சொல்லவேண்டும் போலிருந்தது. ஆனால் தலையை ஆட்டினேன். ஓம் என்றும் இல்லை என்றும் எடுக்கக்கூடிய ஆட்டு. அப்படி ஆட்டத்தான் நான் இந்த நாட்டுக்கு வந்து நன்றாகப் பழகியிருந்தேன்.

மூன்று கிழமை கழித்து இன்னொரு டெர்மின். அன்றும் இப்படித்தான் என்றால், பிந்தி வளருகிற பிள்ளைகளுக்கான தனிப் பள்ளிக்கூடத்துக்கு எழுதுவார்களாம்.

திரும்பி வருகிற டிராமில் குஞ்சு, டொக்டர் கொடுத்த இனிப்புக் கரடியின் தலையைக் கடித்துக்கொண்டு ஜன்னலோரம் இருந்தாள். "அங்கை ஒருக்கா விட்டா திரும்பி மற்றப் பள்ளிக்கூடத்துக்கு வாறது சரியான கஷ்டம்," என்றார் அண்ணை. "பிறகு நல்ல தொழில் பழகவும் இடம் குடுக்கமாட்டாங்கள்." குஞ்சுவை ஒருதரம் பார்த்தார். "தங்கச்சி, கோவியாதேங்கோ. இந்தப் பிள்ளைக்கு மெய்யா எத்தினை வயசு?"

நான் வெளியே பார்த்தேன். ஒரு நிலக்கரிச் சுரங்கக் கோபுரத்தின் சில்லு சுற்றாமல் நின்றது.

"சரி, சொல்லவேண்டாம். எங்கடை சனத்தில அரைவாசி பத்திரத்தில சனவரி ஒண்டிலதானே பிறந்தது. என்ரை பாஸ்போட்டில நான் என்ரை தம்பிக்குத் தம்பி. அவன் இப்ப ரெலிபோனில என்னை, என்னடா செய்யிறாய் எண்டு கேக்கிறான்." சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். "பெரியாக்கள் எங்களுக்கு இது பகிடி. பிள்ளைக்குப் பகிடி இல்லைத் தங்கச்சி."

அன்று பின்னேரமே கடைக்குப் போய்ப் படம் கீறுகிற கொப்பியும் மெழுகுக் கலர்களும் வாங்கினேன். மூன்று கிழமையில் பிள்ளையை ஒன்றேகால் வருடம் வளர்த்துவிடுவது என்று முடிவெடுத்த தாய் நான். இதைக் கீறு. தலை. இது கழுத்து. இது உடம்பு, சட்டை, பொத்தான். விரல் எண்ணு. எழும்பு, துள்ளு, இன்னும் துள்ளு. ஏழுக்குப் பிறகு என்ன? ஏழுக்குப் பிறகு என்ன எண்டு கேக்கிறன்! கீரையை ஓர் இரவிலேயே இழுத்துப் பெரிதாக்குகிற ஆள் யாராவது உண்டா? நான் அப்படித்தான் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

கிழமை ஒன்று கழிய அவள் கழுத்தும் உடம்பும் பொத்தானும் பத்து விரலும் உள்ள மனிசரைக் கீறினாள். கோடுகள் நடுங்கின, ஆனால் எல்லாம் இருந்தன. நான் கைதட்டினேன். அவள் அந்தப் படத்துக்குப் பக்கத்தில், கேட்காமலே, பழையபடி ஒரு பெரிய தலையும் இரண்டு காலும் கீறினாள்.

"இது ஆர் குஞ்சு?"

"இது நான்."

"அப்ப மற்றது?"

"அதுதான் ஆறு வயசுப் பிள்ளை," என்றாள். கலரைப் பெட்டியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அவ எப்ப அம்மா வருவா?"

அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் மூத்தவளின் படம்கூட இல்லை. கொப்பியை மூடினேன். மூடிய கொப்பிக்குள் பொத்தான் சட்டையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள், பத்து விரலையும் விரித்தபடி.

அதற்குப் பிறகு குஞ்சு படுக்கையை நனைக்கத் தொடங்கினாள். இரண்டு வயதிலேயே நின்ற பழக்கம் அது. துள்ளு என்றால் மேசைக்குக் கீழே போய் இருந்தாள். யாராவது எத்தனை வயது என்று கேட்டால், பாடமாக்கிய குரலில், முகத்தில் ஒன்றுமில்லாமல், "ஆறு" என்றாள். நான் பயந்து பயந்து செய்ததெல்லாம் அவளுக்குள் போய், அவள் என் பயத்தின் வடிவத்தில் வளரத் தொடங்கியிருந்தாள். பிள்ளைகள் பாலையும் சோற்றையும் தின்று மட்டும் வளர்வதில்லை என்று அந்தக் கிழமையில் கண்டேன்.

என் கணவர் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றும்போதே தொடங்கினேன்.

"இஞ்சரப்பா, உள்ளதைச் சொல்லுவம்."

"உமக்கென்ன விசரோ? எங்கடை கேஸ் இன்னும் முடியேல்லை. ஒரு திகதி பொய் எண்டா எல்லாம் பொய் எண்டுவாங்கள். மூண்டு பேரையும் பிளேனில ஏத்துவாங்கள்."

"அப்ப இவளை அந்தப் பள்ளிக்கூடத்துக்கு விடுறதோ?"

"வளருவாள்தானே. வளர வளரச் சரிவரும்."

"எப்பிடிச் சரிவரும்? எவ்வளவு வளர்ந்தாலும் ஒண்டேகால் வருசம் பின்னாலதானே நிப்பாள்? அவள் மக்குப் பிள்ளை இல்லையப்பா. அவளை நாங்கள்தான் மக்காக்கிறம்."

அவர் எழும்பினார். அலுமாரியைத் திறந்து பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த பிறப்புப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார். நாங்கள் இருவரும் அதைக் கந்தோர்களில் நீட்டியிருக்கிறோமே ஒழிய, ஒன்றாக இருந்து பார்த்ததில்லை.

"இதுக்கு என்ன எழுதுறது?" என்றார். "இந்தப் பிள்ளை இல்லை எண்டு எழுதவேணும், என்ன? ஆர் எழுதுறது? நானோ?"

நான் பத்திரத்தின் திகதியைப் பார்த்தேன்.

"நீர் அவளைப் புதைச்சனீர். நீர் கண்டனீர். எனக்கு எட்டு மாசத்தோடை எல்லாம் முடிஞ்சுது. இந்த நாட்டில, இந்தத் தாளில மட்டும்தான் அவள் வருசா வருசம் வளர்ந்துகொண்டிருக்கிறாள். மூண்டு, நாலு, அஞ்சு... ஆறு வந்திட்டுது."

அவருடைய பயம் பிளேன் இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டரை வருடமாக ஒரே அறையில் படுத்தெழும்பிய மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

"எழும்பி நிண்டவள்," என்றேன். "கடைசி மாசத்தில. சுவரைப் பிடிச்சுக்கொண்டு."

"எழும்பி நிண்டவளோ?"

"ஓம்."

"எத்தினை பல்லு?"

"நாலு. மேல ரெண்டு, கீழ ரெண்டு."

அவர் பத்திரத்தைத் திரும்ப உறைக்குள் வைக்க முயன்றார். உறை வழுக்கியது. மேசைக்குக் கீழிருந்து குஞ்சு ஒரு கையை நீட்டி, விழுந்த தாளை எடுத்துக் கொடுத்தாள்.

அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் பேசி முடிவெடுக்கவில்லை. சொல்வோமா, சொல்லமாட்டோமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மறுப்பார் என்ற பயம். இரண்டாவது டெர்மின் அன்று அவர் லீவு போட்டுவிட்டு வந்தார். டிராமில் அண்ணைதான் பேசிக்கொண்டு வந்தார், அதுவும் மழையைப் பற்றி. பங்குனி மழை ஜன்னலில் வழிந்தது. என் பைக்குள் பத்திரம். அதை ஐந்து தரம் தொட்டுப் பார்த்தேன். இருக்கிறதா என்று பயம். இருக்கிறது என்றும் பயம்.

அதே அறை. அதே படிக்கட்டுப் படம். உள்ளே சர்ர்ர் என்று தாள் இழுபட்டது. கதவு திறந்து அதே டொக்டர் அம்மா வந்து, குனிந்து குஞ்சுவுக்கு முதலில் கை கொடுத்தாள். பிறகு எங்களிடம் ஏதோ சொன்னாள்.

"பிள்ளையோடை முதல் தனியக் கதைக்கப் போறாவாம்," என்றார் அண்ணை. "பேர், வயசு, வீட்டில ஆர் ஆர் எண்டு. பிள்ளைக்குக் கின்டர்கார்டன் ஜெர்மன் போதுமாம். எங்களைப் பிறகு கூப்பிடுவினமாம்."

நான் முதலில் உள்ளே போய், கதவை மூடி, மெல்லச் சொல்லிவிடலாம் என்று ஒரு வழி வைத்திருந்தேன். அது போய்விட்டது. குஞ்சு டொக்டரின் விரலைப் பிடித்துக்கொண்டு கதவு வரை போனாள். நிலையில் நின்றாள். திரும்பினாள். அவளுடைய முகம் இத்தனை கிழமையாக நான் பழக்கிய அந்த வெறும் முகம்.

"அம்மா," என்றாள் தமிழில், "எத்தினை வயசு எண்டு சொல்ல?"

என் வாய் திறந்தது. அவள் காத்துக்கொண்டு நின்றாள். டொக்டரும், ஒன்றும் விளங்காமல், சிரித்தபடி காத்துக்கொண்டு நின்றாள். நான் கணவரைப் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. கதிரை பின்னால் உராய்கிற சத்தம் கேட்டது. அவர் எழும்பிப் போய் அவளுக்கு முன்னால் குந்தியிருந்தார். அவளுடைய கம்பளிச் சட்டையின் மேல் பொத்தான் பிழையான ஓட்டையில் மாட்டியிருந்தது. அதைக் கழற்றிச் சரியான ஓட்டையில் மாட்டினார்.

"நாலு எண்டு சொல்லு குஞ்சு," என்றார். "வாற மாசம்தான் உனக்கு அஞ்சு."